தேவசிகாமணி வாத்தியாரின் மரண சாட்சி

தேவசிகாமணி வாத்தியார் எவ்வளவு கனமான மனிதர் என்பது அவர் செத்துப்போன பிறகுதான் பாளையங்கோட்டைக்குத் தெரிந்தது. உயிரோடு இருந்தவரைக்கும் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. லேசான மனுஷன் என்றார்கள். பல்லைக் காட்டுகிற வாத்தியார் என்றார்கள். அவர் வகுப்பில் பையன்கள் சிரிக்கிற சத்தம் பள்ளிக்கூடத்து வேலியைத் தாண்டி ரோடு வரைக்கும் கேட்கிறது என்று மிஷன் துரைக்கு மனுக்கூடப் போட்டார்கள். அதில் முதல் கையெழுத்து சபை மூப்பர் தானியேலுடையது. அதே தானியேல் மூப்பர், அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களோடு வாசலில் நின்றுகொண்டு, அங்கவஸ்திரத்தால் கண்ணை ஒற்றியபடி, "எப்பேர்ப்பட்ட பாரமுள்ள ஆத்துமா! வீணா ஒரு பேச்சு உண்டுமா, ஒரு சிரிப்பு உண்டுமா?" என்றார்.

உள்ளே பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த யூனிஸ் அம்மாளின் காதில் அது விழுந்தது. வாத்தியாரின் மனைவி அவள். அழுது வீங்கிய முகத்தை நிமிர்த்தி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். புருஷனைக் குழிக்குள் வைத்துவிட்டு வந்த அன்றைக்கு ஒருத்தி பார்க்கிற பார்வையாக அது இல்லை. கடையில் சொத்தைக் கத்தரிக்காயைத் தள்ளிவிட்டவனைப் பார்க்கிற பார்வையாக இருந்தது.

டில்லியில் ராஜாவின் முடிசூட்டு தர்பார் நடந்ததற்கு மறுவருஷம் அது. மிஷன் பள்ளிக்கூடத்தில் தேவசிகாமணி பூகோளமும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். மற்ற வாத்தியார்களுக்குப் பூகோளம் என்றால் ஒரு படமும் ஒரு பிரம்பும். இவருக்குப் பையன்களே போதும். ஒருவனைப் பொதிகை மலை என்று மேசைமேல் ஏற்றிவிடுவார். ஏழெட்டுப் பேரை வரிசையாகத் தரையில் படுக்கப்போட்டு, இதுதான் தாமிரபரணி என்பார். குறுக்கே சிலரைப் போட்டு மணிமுத்தாறு, கடனாநதி, சிற்றாறு என்று பேர் வைப்பார். "ஏலே கடனா, ஆழ்வார்குறிச்சியிலயே உறங்கிட்டியோ? பைய உருண்டு வந்து சேருலே, ஆறு உனக்காவக் காத்துக்கிட்டு இருக்கு!" என்று சத்தம் போடுவார். கடைசியில் அவரே கடலாகி, புன்னைக்காயலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உட்காருவார். ஆறு மொத்தமும் உருண்டு போய் அவர் மடியில் விழும். அந்த வகுப்பில் படித்தவனுக்குப் பல்லெல்லாம் விழுந்த பிறகும் கடனாநதி எங்கே போய்ச் சேருகிறது என்பது மறக்காது. ஆனால் அதை யார் பார்த்தார்கள்? வாத்தியாரின் வேட்டியில் புழுதி ஒட்டியிருந்ததைத்தான் பார்த்தார்கள். தலைமை வாத்தியார் நாற்காலி இரண்டு தடவை காலியாயிற்று. இரண்டு தடவையும் அது சிரிக்கத் தெரியாத ஆட்களுக்குப் போயிற்று.

வீட்டிலும் அவர் அப்படித்தான். பிறந்த பிள்ளைகளில் தங்கியது ஜெபகனி ஒருத்தி. ஏழு வயசு. அவளுக்குத் தலைவாரிச் சடை போட்டுவிடுவது அவர் வேலை. ஆம்பிளை செய்கிற காரியமா இது என்று தெரு முழுக்கப் பேசிற்று. அவர் அதற்கும் ஒரு பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டே பின்னினார். டவுணுக்குப் போனால் அல்வா இல்லாமல் திரும்பமாட்டார். வந்ததும் அதை முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார். ஒரு முத்தம் என்று ஆரம்பித்துப் பத்து முத்தத்தில் ஏலம் முடியும். எப்போதும் ஜெபகனிதான் எடுப்பாள்.

யூனிஸ் அம்மாள் கோபக்காரி. வாய் கத்தரிக்கோல் மாதிரி. அவளைச் சிரிக்கவைப்பதைத்தான் வாத்தியார் தம்முடைய உண்மையான உத்தியோகமாக நினைத்திருந்தார் என்று சொல்லவேண்டும். சிரிக்கக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். கடைசியில் தோற்றுப்போவாள். தோற்றதும் அவர் அவள் கையை ஒரு விரலால் தட்டுவார். நான் ஜெயித்தேன் என்று அதற்கு அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சண்டை நடந்தது. ஒரு நாளும் அவள் ஜெயித்ததில்லை.

அவர் சாகும்போதும் அவள் ஜெயிக்கவில்லை. அதைத்தான் சொல்லவேண்டும்.

ஐப்பசி மழையோடு வாத்தியாருக்கு விஷஜுரம் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் கையை விரித்ததும், சுற்றுவட்டாரச் சபைகள் அடங்கிய சேகரத்துப் போதகர் பாக்கியசீலன் ஐயர் குடையோடு வந்து சேர்ந்தார். கூடவே மூப்பரும் சபைப் பெண்கள் சிலரும் வந்தார்கள். பாக்கியசீலன் ஐயர் நல்லவர்தான். கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவருடைய ஜெபம் நீளம். ஆதாமில் தொடங்கும். நோவாவின் பேழையில் ஏறி இறங்கும். எகிப்தில் போய்ச் செங்கல் அறுக்கும். செங்கடலைத் தாண்டி, வனாந்தரத்தில் நாற்பது வருஷமும் ஒரு வருஷம் விடாமல் அலைந்து, அதன் பிறகுதான் கானானுக்கும் நம்முடைய சேகரத்துக்கும் வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை தோறும் செங்கடல் கரையில் பாதிச் சபை தூங்கிவிடும்.

ஐயர் கட்டிலருகே முழங்காலிட்டார். எல்லாரும் முழங்காலிட்டுக் கண்களை மூடினார்கள். இந்தக் கண் மூடுகிற காரியத்தில் அந்தச் சபை வெகு கண்டிப்பு. ஜெபம் தொடங்கினால் ஆமென் வருகிறவரைக்கும் கண்ணைத் திறப்பது திருட்டுக்குச் சமானம். திறக்கிற பிள்ளைகளுக்குக் காது திருகப்படும். திறந்ததை எப்படிப் பார்த்தீர்கள் என்று திருகுகிறவரை யாரும் கேட்பதில்லை.

ஐயர் குரலெடுத்து ஜெபித்துக்கொண்டிருந்தார். கட்டிலை ஒட்டி முழங்காலிட்டிருந்த யூனிஸ் அம்மாளின் கையை ஒரு விரல் சுரண்டிற்று. அவள் கண்ணைத் திறக்காமல் காதை மட்டும் அவர் பக்கம் சாய்த்தாள்.

"ஏட்டி யூனிஸு," என்றது மூச்சளவான ஒரு குரல். "ஐயர் இப்பத்தான் செங்கடல் கரையில வந்து நிக்காரு. அவர் கானானுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நீ பைய எந்திச்சுப் போயி ஒரு வாய் காப்பி போட்டுக் கொண்டாந்திரலாம். கருப்பட்டி கொஞ்சம் கூடப் போடு."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. நாலு நாளாகத் தூங்காத உடம்பு, பயத்தில் உறைந்துபோன உடம்பு. அதற்குள்ளிருந்து எங்கிருந்துதான் வந்ததோ. முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்துவிட்டது. அந்த விரல் அவள் கையை ஒரு தடவை தட்டிற்று. பிறகு அங்கேயே கிடந்தது.

இஸ்ரவேலர் செங்கடலைத் தாண்டினார்கள். வனாந்தரத்தில் அலைந்தார்கள். மன்னா பொழிந்தது. கானான் வந்தது. ஆமென் வந்து எல்லாரும் கண்ணைத் திறந்தபோது வாத்தியார் போயிருந்தார். அறை நிறைய ஆள் இருக்க, அவர் செத்ததை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு தேவசிகாமணியைக் கொண்டுவந்தார்கள். அவர் வேடிக்கைப் பேச்சை வெறுத்ததாக ஒருவர் சொன்னார். எந்நேரமும் பாவத்தை நினைத்து அவர் கண்ணீர் விடுவார் என்றார் இன்னொருவர். தலைமை வாத்தியாரோ அவருடைய வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் என்று சாதித்தார். ஊசி விழுந்தால் அதை வைத்து அவர் ஒரு கதை சொல்லியிருப்பார் என்று யூனிஸ் அம்மாள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வந்தவர்களில் ஒழுங்காகத் துக்கம் கேட்டவர் ஒருவர்தான். அவர் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதர் சிவசண்முகம் பிள்ளை. நெற்றி நிறையத் திருநீறு. முற்றத்திலேயே நின்றுகொண்டு, "அம்மா, இன்ஸ்பெக்டர் துரை வந்தன்னைக்கு இவரு ஆத்தோட படுத்துக் கெடந்தாரே, அந்தத் துரையையும் பிடிச்சுப் பொதிகை மலையாக்கி நிக்க வச்சாரே, அத நெனச்சா..." என்று ஆரம்பித்தவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாயிற்று. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். செத்த வீட்டில் சிரித்த அஞ்ஞானி என்று சபைப் பெண்கள் முகம் சுளித்தார்கள்.

அந்தச் சேகரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பேர்பெற்ற யாராவது செத்தால், மாதம் கழிந்து கோயிலில் ஞாபக ஆராதனை நடக்கும். அதில் போதகர் 'மரண சாட்சி' வாசிப்பார். செத்தவர் எப்படி வாழ்ந்தார் என்பது நாலு வரி. எப்படிச் செத்தார், கடைசியாக என்ன சொன்னார் என்பது நாற்பது வரி. வாசித்து முடித்ததும், செத்தவரின் குடும்பத்தில் ஒருவர் எழுந்து 'மெய்தான்' என்று சொல்லவேண்டும். சபை ஆமென் சொல்லும். அதன்பிறகு அது மிஷன் மாதப் பத்திரிகையில் அச்சாகும்.

பாக்கியசீலன் ஐயர் வாசித்த மரண சாட்சிகளில் செத்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். 'அதோ வாசல் திறக்கிறது! ஒளி! ஒளி! சந்தோஷமாய்ப் போகிறேன்!' உபதேசியார் வேதமுத்து வாதம் வந்து பேச்சடங்கி மாசக்கணக்காய்க் கிடந்து செத்தார். அவரும் அதையே சொன்னதாக ஐயர் வாசித்தார். அப்பாத்துரை தன்னந்தனியாகக் கிணற்றில் விழுந்து, மறுநாள் காலையில் எடுக்கப்பட்டவன். அவனும் அதையேதான் சொல்லியிருந்தான். கிணற்றுக்குள் இறங்கிக் கேட்டது யார் என்று விசாரித்தவர் தேவசிகாமணி வாத்தியார் ஒருவர்தான். அதற்கு அவருக்குக் கிடைத்தது மூப்பரின் கண்டிப்பு.

இப்போது அவர் முறை வந்தது. ஒரு சாயங்காலம் ஐயர் மூப்பரோடு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, எழுதிக்கொண்டுவந்ததை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார்.

"இவ்விதமாய் நாங்கள் ஜெபத்தில் தரித்திருக்கையில், அவருடைய பத்தினி தேம்பியழும் சத்தம் கேட்டது. அப்பொழுது அவர் அவளைத் தேற்றி, 'அழாதே, அதோ வாசல் திறக்கிறது! ஒளி! ஒளி! சந்தோஷமாய்ப் போகிறேன்!' என்று சொல்லி, பிள்ளையையும் மறந்து, உலகத்தையும் மறந்து..."

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க," என்றாள் யூனிஸ் அம்மாள். "நான் அழல்ல. சிரிச்சேன்."

ஐயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மூப்பர் தொண்டையைச் செருமினார்.

"அவிய ஒரு வேடிக்கை சொன்னாவ. அதுக்குத்தான் சிரிச்சேன். நீங்க செங்கடல் கரையில நிக்கிய, காப்பி போட்டுக் கொண்டாந்திரலாம்னு சொன்னாவ. அதான் கடைசிப் பேச்சு. வாசலும் இல்ல, ஒளியும் இல்ல."

"யூனிஸம்மா," என்றார் ஐயர், குழந்தையிடம் பேசுகிற குரலில், "துக்கத்திலே மனசு தடுமாறும். நாம கேக்காததக் கேட்ட மாதிரி இருக்கும்."

"கேக்காததக் கேட்டது யாரு?" என்று அவள் கேட்பதற்குள் மூப்பர் குறுக்கே விழுந்தார்.

"யம்மா, இது உங்களுக்கே கேவலம்லா? புருசன் சாவ, பொஞ்சாதி சிரிச்சான்னா வாசிக்க? டவுண்ல நாலு அஞ்ஞானி கேட்டா என்ன சொல்லுவான்? நம்ம சாவுதான அவுகளுக்கு முன்னால நமக்குச் சாட்சி!"

"வந்தவுகள்ல நெசத்தச் சொன்னது ஒரு அஞ்ஞானிதான், மூப்பரண்ணாச்சி. நீங்க மனுப் போட்ட ஆளுல்லா, இன்னைக்கு எங்க வீட்டு மனுசரு சிரிக்கவே மாட்டாருன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதிய."

மூப்பர் முகம் கருத்தது. ஐயர் காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தார். ஆராதனை நாள் குறித்தாயிற்று, துரையவர்கள் படித்துப் பார்த்து மெச்சிவிட்டார், மாற்றுகிற பேச்சுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அவ்வளவோடு போயிருந்தால் யூனிஸ் அம்மாளும் விட்டிருப்பாள். பொய்யைப் பொய்யர்களிடமே விட்டுவிட்டு, தன் புருஷனைத் தன்னோடு வைத்துக்கொண்டு இருந்திருப்பாள். ஆனால் கதவுக்குப் பின்னால் ஜெபகனி நின்றிருந்தாள்; 'பிள்ளையையும் மறந்து' என்று ஐயர் வாசித்ததும் உள்ளே ஓடிவிட்டாள்.

அன்று சோறு வேண்டாம் என்றாள். மறுநாள் தலைவார உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. மூன்றாம் நாள், அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றாள்.

"எம்மா, அப்பா சந்தோசமாத்தான் போனாவளா?"

"இல்லட்டி. யார் சொன்னா?"

"ஐயர் வாசிச்சாவள்லா. பிள்ளைய மறந்துட்டுப் போனாவன்னு. எங்கிட்டப் போய்ட்டு வாரேன்னுகூடச் சொல்லல்ல. நாம வேண்டாம்னுதான போனாவ?"

யூனிஸ் அம்மாள் ஊதுகுழலைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். செங்கடலைச் சொன்னாள், காப்பியைச் சொன்னாள். ஜெபகனி சிரிக்கவில்லை. தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எனக்காவச் சொல்லுத," என்றாள். "ஐயர் எழுதியே வச்சிருக்காவ. ஐயர் பொய் சொல்லுவாவளா?"

ஐயர் பொய் சொல்லமாட்டார் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததே யூனிஸ் அம்மாள்தான். கோயிலில் ஐயர் வாசிப்பது வேதம் மாதிரி என்று காதைத் திருகித் திருகிச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஜெபகனி மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். அப்பா செத்த நாளில் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு விழித்துக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளைக்குத் துக்கமில்லை. கோபம். வேண்டாம் என்று போனவருக்காக யார் அழுவார்கள்?

ஊரையே சிரிக்கவைத்த மனுஷனை ஊர் கூடி அழுமூஞ்சி ஆக்கிற்று, போகட்டும். பெற்ற பிள்ளையின் கண்ணில் அவரை இரக்கமில்லாதவராக்க இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஒரு பத்திரிகைக்கு நாற்பது வரி வேண்டும் என்பதற்காகவா?

அன்றைக்கே ஐயர் வீட்டுக்குப் போனாள். கெஞ்சிப் பேச அவளுக்கு வராது, அன்று கெஞ்சினாள். வேடிக்கைப் பேச்சை வாசிக்க வேண்டாம், அந்தக் கடைசி வரிகளை மட்டும் எடுத்துவிடுங்கள், பிள்ளை தவறாக எடுத்துக்கொண்டது என்றாள்.

"பிள்ளைக்கு வயசு வந்தா விளங்கிடும், அம்மா," என்றார் ஐயர். "தகப்பன் உலகத்தைவிடப் பரலோகத்தை நேசித்தார்ங்கிறது அவளுக்கு எவ்வளவு பெரிய ஆஸ்தி! கடைசி வார்த்தை இல்லாத சாட்சி, வாலறுந்த பட்டம் மாதிரி. நீங்க எழுந்து மெய்தான்னு ஒரு சொல் சொல்லுங்க, போதும். மத்ததக் கர்த்தர் பாத்துக்கிடுவாரு."

யூனிஸ் அம்மாள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அடங்கிவிட்டாள் என்று ஐயர் நினைத்தார். அவளோடு ஒரு நாளாவது குடித்தனம் பண்ணியிருந்தால் அப்படி நினைத்திருக்கமாட்டார்.

ஆராதனை நாளன்று கோயில் நிறைந்து வழிந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் பாயில் ஒரு பக்கம். பள்ளிக்கூடத்துப் பையன்கள் பின்னால் அடைத்துக்கொண்டிருந்தார்கள். சிவசண்முகம் பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு வெளி வாசலோடு நின்றார். எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார்கள். செத்தவர் வந்து பார்த்திருந்தால், வரி கட்டாமல் பிடிபட்ட கூட்டமா இது என்று கேட்டிருப்பார். யூனிஸ் அம்மாள் வெள்ளைச் சேலையில் முன்பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தலைவாராத ஜெபகனி.

ஐயர் வாசித்தார். பாரமுள்ள ஆத்துமா வந்தது. பாவத்துக்காக விட்ட கண்ணீர் வந்தது. சபைப் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். கடைசியில் வாசல் திறந்தது, ஒளி வந்தது, பிள்ளையை மறந்தார், உலகத்தை மறந்தார். ஜெபகனி தரையைப் பார்த்துக்கொண்டு பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"தேவசிகாமணி உபாத்தியாயருடைய பத்தினியே," என்றார் ஐயர், "இது மெய்தானே?"

யூனிஸ் அம்மாள் எழுந்தாள். கோயிலுக்குள் பெண்பிள்ளை ஒரு சொல்லுக்கு மேல் பேசியதை அந்தச் சுவர்கள் கேட்டதில்லை.

"இல்ல, ஐயா," என்றாள்.

ஐயரின் கை காகிதத்தோடு அப்படியே நின்றது.

"அவிய சாவும்போது நான் அழல்ல. சிரிச்சேன். எல்லாரும் கேளுங்க, புருசன் சாவச் சிரிச்ச பொம்பிளை நான்தான். நீங்க எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு இருந்திய. நானும் மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். ஐயா ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தாவ. அவிய என் கையச் சொரண்டி, 'ஏட்டி யூனிஸு, ஐயர் இப்பத்தான் செங்கடல் கரையில வந்து நிக்காரு. அவர் கானானுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நீ பைய எந்திச்சுப் போயி ஒரு வாய் காப்பி போட்டுக் கொண்டாந்திரலாம்'னு சொன்னாவ. கருப்பட்டி கூடப் போடச் சொன்னாவ. அதான் கடைசி வார்த்த. வேற ஒண்ணும் அவிய சொல்லல்ல."

எல்லாரும் வாத்தியாரின் குரலை நினைத்துக்கொண்டார்கள் போலும். பின்னால் பையன்கள் கூட்டத்தில் ஒருவன் மூக்கு வழியாக ஒரு சத்தம் விட்டான். ஞாயிறு தோறும் அதே செங்கடல் கரையில் முழங்கால் வலிக்க நின்றவன் அவன். பக்கத்தில் இருந்தவன் அவனை இடித்தான், இடித்தவனும் சிரித்தான். அது வரிசை வரிசையாக முன்னால் உருண்டு வந்தது. ஆண்கள் பக்கம் துண்டில் முகத்தைப் பொத்தினார்கள். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். வெளி வாசலில் சிவசண்முகம் பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். மாதம் முழுக்க அடைத்துவைத்திருந்த சிரிப்பு. தானியேல் மூப்பர் ஒருவர் மட்டும் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார். அவருடைய வயிறு அவருக்குக் கட்டுப்படவில்லை. வெட்கங்கெட்டதுகள், இப்போதாவது சிரித்தீர்களே என்று யூனிஸ் அம்மாள் நினைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்ன வார்த்தைகள் அவருடையவைதான்; ஆனால் கையைச் சுரண்ட விரல் இல்லை.

அவள் முந்தானையை யாரோ இழுத்தார்கள். ஜெபகனி எழுந்து நின்றாள். சபை சிரிப்பதையும், ஐயர் பதில் சொல்லாமல் நிற்பதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நெசந்தானாம்மா?"

"நெசந்தாண்டி."

"அப்பாவுக்குப் போவ மனசில்லையா?"

"மனசே இல்லட்டி," என்றாள் யூனிஸ் அம்மாள். கோயில் பூராவும் கேட்கச் சொன்னாள். "காப்பி குடிச்சுக்கிட்டு, உனக்குச் சட பின்னிக்கிட்டு, இங்கனயே கெடக்கத்தான் அவியளுக்கு ஆச. நம்ம விட்டுட்டுப் போவ அவியளுக்குக் கொஞ்சங்கூட மனசில்ல."

ஜெபகனியின் உதடு கோணிற்று. முகம் முழுக்கக் கோணிற்று. "அப்பா!" என்று ஒரு கத்துக் கத்தினாள். கோயில் சிரிப்பு அறுந்துபோயிற்று. தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, மூச்சு நின்று நின்று வர, அப்பா அப்பா என்று அலறினாள். மாதம் முழுக்க அழாத அழுகை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவித்தார்கள். பின்பாயிலிருந்து ஒருத்தி, பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு போகலாம் என்று எழுந்து வந்தாள். யூனிஸ் அம்மாள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐயருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது அவர் எப்போதும் செய்வதையே செய்தார். காகிதத்தை மடித்துவிட்டு, கைகளைக் கூப்பி, "ஜெபம் செய்வோம்" என்றார். சபை பழக்கத்தில் தலையைக் குனிந்து கண்களை மூடிற்று. ஐயரும் மூடினார்.

"ஐயா, கண்ணத் தெறங்க," என்றாள் யூனிஸ் அம்மாள். "எல்லாரும் தெறங்க. எம் பிள்ள அவ அப்பாவுக்காவ அழுவுது. இதயாவது பாத்துக்கிட்டு இருங்க."

ஐயர் கண்ணைத் திறந்தார். கைகள் கூப்பியபடியே இருந்தன. பிள்ளை அழுது முடிகிறவரைக்கும் அவர் ஆமென்கூடச் சொல்லவில்லை.